கார்ன்வாலில் வீடு வாங்குமுன்: மண்டிக், ரேடான், இன்னும் சில

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வாலில் ஒரு வீடு அக்கம்பக்கத்து விலையைவிட மிகக் குறைவாக வந்து, விளம்பரத்தில் "ரொக்கமாக வாங்குவோருக்கு மட்டும்" என்றிருந்தால், அது மண்டிக் வீடாக இருக்கலாம்.

இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்ற கனிமத்துக்கு அங்கே சுரங்கத் தொழிலாளர்கள் வைத்த பெயர்தான் மண்டிக். தகரம், செம்புச் சுரங்கக் கழிவுக் கல்லையே ஜல்லியாகப் போட்டு, ஏறத்தாழ 1900 முதல் 1950 வரை காங்கிரீட் பிளாக் வார்த்தார்கள். ஈரமும் காற்றும் பட்டால் பைரைட் கந்தக அமிலத்தை உண்டாக்கும். அமிலம் சிமென்ட்டை அரிக்கும். முற்றிய பிளாக் விரலில் பொடிப்பொடியாக உதிரும். மேலே புதுப் பூச்சு பூசியிருந்தால் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது.

அதனால் வாங்குமுன் செய்யும் சாதாரண சர்வே (வீட்டுச் சோதனை) போதாது. சுவர்களில் பல இடங்களில் துளையிட்டு உருளை உருளையாக மாதிரி எடுத்து, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அறிக்கையில் ஏ வகை என்று வந்தால் மார்ட்கேஜ் (வீட்டுக்கடன்) கிடைக்கும். பி, சி என்றால் பெரும்பாலும் கிடைக்காது. ஏ வகையிலேயே ஏ2 என்றால் பூச்சில் விரிசல் விடாமல் பராமரிக்க வேண்டும், தண்ணீர் இறங்கவே கூடாது.

பலர் கோட்டைவிடுவது இதில்தான்: முன்கட்டு கருங்கல்லாக இருக்கும், பின்னால் ஒட்டிக் கட்டிய சமையலறையும் புகைபோக்கியும் பிளாக்காக இருக்கும். அங்கேயும் மாதிரி எடுத்தார்களா என்று அறிக்கையில் பாருங்கள்.

பதில்:
அண்ணா சொன்னதோடு ரேடானையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கருங்கல் நிலத்திலிருந்து கசியும் கதிரியக்க வாயு அது; நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும். கூடத்தில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று என இரண்டு கருவிகளை 3 மாதம் வைத்து அளக்க வேண்டும். கன மீட்டருக்கு 200 பெக்கரலை (கதிரியக்க அலகு) தொட்டால் சரிசெய்தே ஆக வேண்டும். 100க்குக் கீழே கொண்டுவருவது நல்லது. வாங்கும் அவசரத்தில் 3 மாதம் யாரும் காத்திருப்பதில்லை. அளவு வரும்வரை விலையில் ஒரு தொகையைச் சொலிசிட்டரிடம் (வழக்கறிஞரிடம்) நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். கெட்டித் தரை என்றால் அடியில் குழி எடுத்து மின்விசிறியால் வாயுவை வெளியே இழுப்பார்கள். மரத்தரை என்றால் முதலில் தரைக்கு அடியிலுள்ள காற்றுத் துவாரங்களைப் பாருங்கள். குளிருக்குப் பயந்து பலர் அடைத்துவிடுகிறார்கள்.

பதில்:
வீடு முன்பு கவுன்சில் வீடாக (உள்ளாட்சி வாடகைக்கு விட்ட வீடாக) இருந்ததா என்றும் கேளுங்கள். 1985 வீட்டுவசதிச் சட்டத்தின் 157ஆம் பிரிவு பத்திரத்தில் இருந்தால், அந்தப் பகுதியில் 3 ஆண்டுகள் வாழ்ந்தோ வேலை செய்தோ இருக்க வேண்டும். இல்லையேல் கவுன்சில் அனுமதி தேவை.

கிராமப்புறத்தில் குழாய் எரிவாயு இல்லாத வீடுகள் நிறைய. வீட்டைச் சூடாக்க எண்ணெய் எரிப்பார்கள்; அந்த எண்ணெய்த் தொட்டியில் துரு, கசிவு பாருங்கள். ஒரு தடவைக்கு 500 லிட்டராவது வாங்கச் சொல்வார்கள், அதையும் கணக்கில் வையுங்கள். செப்டிக் டேங்க் நேராக ஓடையில் வடிந்தால் 2020 ஜனவரியிலிருந்து சட்டப்படி செல்லாது. மாற்றும் செலவு யாருடையது என்று ஒப்பந்தத்துக்கு முன்பே எழுதி வாங்கிவிடுங்கள்.