இரண்டு புள்ளி தெரிந்தால் நேர்கோடு: சாய்வா, சூத்திரமா?

சுண்டெலி: பத்தாவது படிக்கும் தங்கைக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். 10 டிகிரி செல்சியஸ் என்றால் 50 பாரன்ஹீட், 35 என்றால் 95. (10, 50), (35, 95) என்ற இந்த இரண்டு புள்ளிகள் வழியே போகும் கோட்டின் சமன்பாடு வேண்டும். சாய்வு (ஒன்று 1 ஏறினால் மற்றது எவ்வளவு ஏறும் என்ற விகிதம்) கண்டுபிடித்துப் போடுவதா, இரு புள்ளிச் சூத்திரத்தில் நேரே பிரதியிடுவதா?

கோட்டைச்சாமி: சந்தேகமே வேண்டாம், சாய்வுதான். (95 − 50)/(35 − 10) = 45/25 = 9/5. அதாவது செல்சியஸ் 5 ஏறினால் பாரன்ஹீட் 9 ஏறும். கணக்கு என்ன சொல்கிறது என்று பிள்ளைக்கு அங்கேயே பிடிபட்டுவிடும். 10-இலிருந்து பூஜ்ஜியத்துக்கு இறங்கினால் 18 குறையும், 50 − 18 = 32. ஆக, பா = (9/5)செ + 32. அவ்வளவுதான்.

வெள்ளைச்சாக்கு: பரீட்சையில் இதெல்லாம் யாருக்கு ஞாபகம் வரும் அண்ணா? (50 − 95)/(35 − 10) என்று மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசையில் கழித்து மைனஸ் சாய்வோடு வருவார்கள். சூத்திரத்தில் போட்டால் (பா − 50)/45 = (செ − 10)/25. குறுக்கே பெருக்கிச் சுருக்கினால் 9செ − 5பா + 160 = 0. பின்னத் தொல்லையே இல்லை.

கோட்டைச்சாமி: அந்த 45-உம் 25-உம் எங்கிருந்து வந்தன தம்பி? அதே கழித்தல்தானே! வரிசை மாற்றுகிறவன் அங்கேயும் மாற்றுவான். சாய்வு தெரிந்தவனாவது, செல்சியஸ் ஏறும்போது பாரன்ஹீட் எப்படி இறங்கும் என்று யோசித்துத் திருத்திக்கொள்வான்.

வெள்ளைச்சாக்கு: சரி, (3, 1), (3, 7) கொடுத்தால் என்ன செய்வீர்கள்? சாய்வுக்குக் கீழே பூஜ்ஜியம். வண்டி அங்கேயே நின்றுவிடும்.

நடுவில்_வந்தவள்: உங்கள் சூத்திரத்திலும் கீழே பூஜ்ஜியம்தானே வருகிறது? வகுக்காமல் குறுக்குப் பெருக்கலாக எழுதினால்தான் தப்பிக்கலாம்: (ஒய் − 1) × 0 = (எக்ஸ் − 3) × 6. அதிலிருந்து எக்ஸ் = 3, செங்குத்துக் கோடு.

வெள்ளைச்சாக்கு: அப்படியானால் அந்தப் பெருக்கல் வடிவத்தையே மனப்பாடம் பண்ணட்டும். எந்தக் கோட்டுக்கும் ஒத்துவரும்.

கோட்டைச்சாமி: இரண்டு எக்ஸும் 3 என்று கண்ணுக்கே தெரிகிறது. எக்ஸ் = 3 என்று எழுதிவிட்டுப் போகாமல் அதற்கு ஒரு சூத்திரமா?

சுண்டெலி: இரண்டு வழியிலும் போடச் சொன்னேன். விடை வேறு வேறாகத் தெரிகிறதே என்று விழித்தாள். −40 போட்டுப் பார் என்றேன், இரண்டிலும் −40-தான் வந்தது. சாய்வு வழிதான் அவளுக்குப் பிடித்திருக்கிறதாம்.

வெள்ளைச்சாக்கு: பிடிக்கட்டும். பொது வடிவில் (எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து = 0 என்று) எழுதச் சொல்லிக் கேட்டால் 5-ஆல் பெருக்கி என் வழிக்குத்தானே வர வேண்டும்!