இத்தாலிக் கடற்கரையில் ஏப்ரல்: வானிலை கவிழ்த்த உங்கள் பயணத் திட்டம் எது?

உப்புக்காற்று:
நேபிள்ஸுக்குத் தெற்கே சலேர்னோ படகுத்துறையில் நடந்தது இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அங்கிருந்து அமால்ஃபி, பொசித்தானோ என்ற கடலோர மலை ஊர்களுக்குப் படகில் போவதாகத் திட்டம். முந்தைய நாள் முழுக்க மழை, காற்று. மறுநாள் காலை வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை, வெயில் சுள்ளென்று அடிக்கிறது. துறைக்குப் போனால் டிக்கெட் ஜன்னல் பாதி மூடியிருக்கிறது. உள்ளே இருந்த பெரியவர் வாயே திறக்கவில்லை. ஒரு கையை நீட்டி மேலே, கீழே, மேலே, கீழே என்று ஆட்டிக் காட்டினார். அப்புறம் காபியைக் குடிக்கப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் வானத்தைக் காட்டுகிறார், பெரியவர் திரும்பி வந்து கடலைக் காட்டுகிறார். துறைக்குள் தண்ணீர் அசையக்கூட இல்லை. அலைத்தடுப்புச் சுவருக்கு வெளியே பார்த்தால்தான் சங்கதி புரிந்தது. காற்று ஓய்ந்துவிட்டது, அது கிளப்பிவிட்ட அலை ஓயவில்லை. பொசித்தானோவில் படகு அணைவது திறந்த கடலைப் பார்த்த துறையில், அந்த அலையில் ஆளை இறக்க முடியாது.

பஸ்ஸுக்கு நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் அமால்ஃபி ஆசையே விட்டுப்போய் ரயிலேறி பேஸ்தும் என்ற ஊருக்குப் போனோம். அரை மணி நேரப் பயணம், நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் மூன்று கிரேக்கக் கோயில்கள், 2,400 வருஷத்துக்கு மேல் பழையவை. அருமையான நாள்தான். ஆனால் நினைவில் நிற்பது அந்தக் கை. மழை வருமா வராதா என்று ஒரு வாரமாக செல்போனில் பார்த்தேனே, காற்றைப் பற்றி எவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே?

மலையேறி_கோவை:
எங்களுக்கு சிங்க்வே தெர்ரே. வடமேற்கே லிகுரியா மாநிலத்தில் வரிசையாக ஐந்து கடலோர ஊர், அவற்றை இணைக்கிற நடைபாதை. லிகுரியாவில் கனமழை வரும் என்றால் முன்கூட்டியே மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறத்தில் எச்சரிக்கை அறிவிப்பார்கள். எங்களுக்கு விழுந்தது ஆரஞ்சு. நடைபாதை மூடல். சரி, ஊரையாவது பார்க்கலாம் என்று அந்த ஐந்தில் ஒன்றான வெர்னாட்சாவில் இறங்கினோம்.

துறையை ஒட்டிய சதுக்கத்தில் ஹோட்டல் மேசைகளைக் காணோம். அந்த இடத்தில் மீன்பிடிப் படகுகள் நிற்கின்றன. கயிறு கட்டி இழுத்து ஊருக்குள்ளேயே ஏற்றிவிட்டார்கள். ஒரு நீலப் படகின் மூக்கு கடை வாசலை அடைத்துக்கொண்டிருந்தது. கடைக்காரப் பெண் அதைச் சுற்றிச் சுற்றி வாசல் கூட்டினாள். அப்போது வெறும் தூறல். “இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?” என்று எங்களில் ஒருவர் சிரித்தார். மதியத்துக்குள் அலை துறைச்சுவரைத் தாண்டிச் சதுக்கத்துக் கல்லை நனைத்தது. 2011 அக்டோபர் 25 வெள்ளத்தில் வெர்னாட்சாவும் மொந்தெரோஸ்ஸோவும் சேற்றில் புதைந்த ஊர்கள். அவர்களிடம் போய் ஆர்ப்பாட்டம் என்று சொல்லலாமா?

உப்புக்காற்று, நீங்கள் தப்பியது அதிர்ஷ்டம். மாற்று இடம் முந்தைய இரவே முடிவாகியிருக்க வேண்டும். நாங்கள் அதே கரையில் இருக்கிற ஜெனோவா நகரத்தை வைத்திருந்தோம். மறுநாள் கொட்டிய மழைக்கு மீன் காட்சியகத்தில் சுறாவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தெற்கத்தி_டிரைவர்:
ஏப்ரலில் லிகுரியா போய்விட்டு மழை என்று புலம்புவதில் என்ன இருக்கிறது? கடலுக்குப் பின்னாலேயே மலை செங்குத்தாக நிற்கிறது. ஈரக்காற்று வந்து மோதினால் கொட்டாமல் என்ன செய்யும்? மாற்று இடம் ஜெனோவாவாம். அதுவும் அதே கடல், அதே மலை, அதே மழை.

தெற்கே பூலியாவுக்குப் போங்கள். அதிலும் சலேந்தோ, இத்தாலிப் பூட்ஸின் குதிகால். இரண்டு பக்கமும் கடல். அங்கே லெச்சே நகரத்தில் ரூம் போட்டோம். வீட்டுக்கார அம்மாவிடம் காலையில் “இன்று எந்தக் கடற்கரை?” என்று கேட்டால் செல்போனை எடுக்க மாட்டார். ஜன்னல் வழியே எதிர்க் கட்டிடத்துக் கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்ப்பார். வடக்கிலிருந்து வீசுகிற தரமொந்தானா காற்று என்றால் மேற்கே அயோனியன் கடல், கல்லிப்போலி. தெற்கிலிருந்து வீசுகிற ஷிரோக்கோ காற்று என்றால் கிழக்கே அட்ரியாட்டிக், ஒத்ராந்தோ. காற்று நிலத்திலிருந்து கடலைப் பார்த்து வீசுகிற கரையில் தண்ணீர் தட்டையாகக் கிடக்கும், அவ்வளவுதான் சூத்திரம். அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கல்லிப்போலியில் நுரை பறந்துகொண்டிருந்த ஒரு காலையில் ஒத்ராந்தோவில் அடிமணல் தெரிய நின்ற தண்ணீரைப் பார்த்தோம். ஆனால் கணுக்கால் வரைதான் போனேன். ஏப்ரல் தண்ணீர் 15, 16 டிகிரி, உயிர் போகிறது. இரண்டு பக்கமும் காரில் ஒரு மணி நேரத்துக்குள். எந்த முன்பதிவும் வேண்டாம்.

வல்வெட்டித்துறையான்:
ஷிரோக்கோவை தம்பி லேசாச் சொல்லிப்போட்டார். சிசிலித் தீவிலை பலெர்மோவில என்ரை சின்னம்மா குடும்பம் இருக்கு, அங்கை எங்கட ஈழத்துச் சனம் கனபேர். ஈஸ்டருக்குப் போனனான். அடுத்த நாள் திராபனி போய் அங்கையிருந்து ஃபவிஞ்ஞானா தீவுக்குப் படகு எடுக்கிறதாத் திட்டம். விடிய எழும்பினால் வானம் மஞ்சள். கதவைத் திறந்தால் சூளை வாய் மாதிரி அனல். சின்னம்மா “ஐயோ உடுப்பு!” எண்டு கத்திக்கொண்டு பல்கனிக்கு ஓடினா. அள்ளிக்கொண்டு உள்ளை வரவும் தூறல் தொடங்கவும் சரி. விழுந்தது தண்ணி இல்லை, சேறு. சகாரா மணல் கடலைத் தாண்டி வந்து மழையோடை இறங்குது. கொடியிலை மறந்துபோன சித்தப்பாவின்ரை வெள்ளை சேர்ட் முழுக்கச் செம்புள்ளி. ரோட்டிலை நிண்ட கார் எல்லாம் ஒரே நிறம்.

படகு ஓடேல்லை, சொல்லத் தேவையில்லை. பின்னேரம் சின்னம்மா எங்களை மொந்தே பெல்லெக்ரீனோவுக்குக் கூட்டிக்கொண்டு போனா. சாந்தா ரொசாலியா எண்ட கத்தோலிக்கப் புனிதையின்ரை குகைக் கோயில். எங்கட சைவச் சனமும் நேர்த்தி வைச்சு ஏறுற மலை. குகைக் கூரையிலையிருந்து சொட்டுற தண்ணியைத் தகரப் பீலி வைச்சுப் பிடிச்சு ஓரமா இறக்கிவிட்டிருக்கினம். நல்ல குளிர்மை. ஃபவிஞ்ஞானாவை இன்னும் காணேல்லை.

டைம்டேபிள்_மாமா:
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். என் கதை சின்னது: ஒரு கடலோர ஊரில், பெயர் வேண்டாம், ரத்து செய்தால் காசு திரும்பாது என்ற ரூமில் மாட்டிக்கொண்டு, ஜன்னலில் வழிகிற மழையைப் பார்த்தபடி நானும் மாமியும் சீட்டாடினோம். நூறு கிலோமீட்டர் தள்ளி வெயில் அடித்தது என்று மறுநாள் தெரிந்தது.

இப்போது விஷயம். இத்தாலியில் வட்டார ரயிலுக்கு விலை நிலையானது. ஒரு மாதம் முன்னால் வாங்கினாலும் ஏறுவதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் வாங்கினாலும் ஒன்றுதான். ஆகவே கடலோர ஊர்களுக்கு இடையே ஓடுகிற ரயிலுக்கு முன்பதிவே செய்யாதீர்கள். வேக ரயில் அப்படி இல்லை. முன்னால் எடுத்தால் மலிவு, அந்த மலிவு டிக்கெட்டை மாற்றுவது கஷ்டம். ரோமிலிருந்து போகிற நீண்ட பயணத்தை மட்டும் தேதி போட்டுக் கட்டிவிடுங்கள், மற்றதைத் தொங்கலில் விடுங்கள். ரூமுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் கடைசி நாள் வரை ரத்து செய்யக்கூடியதாகப் பாருங்கள். விதிவிலக்கு ஈஸ்டர் வாரம், ஏப்ரல் 25, மே 1. அப்போது இத்தாலிக்காரர்களே கடற்கரைக்குக் கிளம்பிவிடுவார்கள், அந்த இரவுகளுக்கு ரூம் இல்லாமல் போகாதீர்கள். மழை நாளுக்கு அருங்காட்சியகம் என்று எழுதி வைத்தால் வார விடுமுறையையும் எழுதுங்கள். நேபிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடல், மழை அதைப் பார்த்து வராது. வசந்தகாலத்தில் ரயில் வேலைநிறுத்தமும் உண்டு. வார நாளில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை குறிப்பிட்ட வட்டார ரயில்கள் ஓடியாக வேண்டும் என்பது விதி. அந்த நேரத்தில் ஊர் மாறிக்கொள்ளுங்கள்.

தெற்கத்தி_டிரைவர், முன்பதிவே வேண்டாம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? கார் தானாக வந்து நிற்குமா? நம் ஊர் லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும், அதைக் கிளம்புவதற்கு முன்பே எடுக்க வேண்டும். பழைய நகருக்குள் தெரியாமல் கார் நுழைந்தால் கேமரா படம் பிடித்து, அபராதச் சீட்டு பல மாதம் கழித்து வீடு தேடி வரும்.

தெற்கத்தி_டிரைவர்:
மாமா, முன்பதிவு வேண்டாம் என்றது கடற்கரைக்கு. காருக்குச் சொல்லவில்லை. காரைப் பழைய நகரின் மதில் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்தோம், அபராதம் எதுவும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சலேந்தோவில் ரயிலை நம்பிப் பாருங்கள், அப்புறம் பேசுவோம்.

நீலக்குகை_பார்த்தவள்:
நேபிள்ஸுக்கு எதிரே இருக்கிற காப்ரித் தீவை யாரும் சொல்லவில்லையே! அங்கே படகில் நுழைந்து பார்க்கிற நீலக் குகையின் வாசல் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் உயரம்தான். வடமேற்குக் காற்று கொஞ்சம் கிளம்பினாலும் அடைத்துவிடுவார்கள். தீவின் மேலே இருக்கிற அனகாப்ரி ஊரிலிருந்து பஸ்ஸில் இறங்கி வந்து குகைப் படிக்கட்டில் காத்திருந்தோம். திறந்தார்கள், மூடினார்கள், மறுபடி திறந்தார்கள். எங்கள் முறை வந்ததும் படகோட்டி எல்லோரையும் படகுக்குள் மல்லாக்கப் படுக்கச் சொன்னார். ஒரு அலை ஏறுகிறது, விடுகிறார். அடுத்தது ஏறுகிறது, விடுகிறார். மூன்றாவது இறங்கிய நொடியில் பாறையில் கட்டிய சங்கிலியைப் பிடித்து ஒரே இழுப்பு. கல் என் மூக்குக்கு மேலே போனது. உள்ளே நீலம் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள், பாதி நேரம் எப்படி வெளியே போகப் போகிறோம் என்ற கவலைதான்.

மாலையில் நேபிள்ஸ் திரும்ப அதிவேகப் படகெல்லாம் ரத்து. கார் ஏற்றுகிற பெரிய கப்பல் மட்டும் ஓடியது. அது மெதுவாகப் போகும், ஆனால் இந்த மாதிரி அலைக்கு அசராது. கடைசிக் கப்பல் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, காலையில் பெவெரெல்லோ துறையில் ஏறியிருந்தாலும் பெரிய கப்பல் கொண்டுபோய் விடுவது போர்த்தா தி மஸ்ஸா துறையில். பெட்டி தூக்கிக்கொண்டு நடக்கிற தூரம்தான், ஆனால் இருட்டில் வழி கேட்டுத்தான் போக வேண்டும்.