வால்ட்ஹைம் நாஜியா இல்லையா? எந்தத் தாளை நம்புவது?

ஓலைக்கட்டு:

குர்ட் வால்ட்ஹைம் பற்றி ஒரு சிற்றிதழுக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஐ.நா. பொதுச் செயலாளராகப் பத்து வருடம் இருந்தவர். 1986இல் ஆஸ்திரிய ஜனாதிபதித் தேர்தலில் நின்றபோதுதான் அவருடைய பழைய கதை கிளம்பியது. படிக்கிற இடத்திலெல்லாம் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. ஒருவர் ‘நாஜி அதிகாரி’ என்கிறார். இன்னொருவர் ‘வரலாற்றாசிரியர் குழு விசாரித்துக் குற்றமில்லை என்று சொல்லிவிட்டது’ என்கிறார். அமெரிக்கா அவரை நாட்டுக்குள் விடவில்லை என்பதும் தெரிகிறது. இந்த மூன்றும் எப்படிச் சேர்ந்து நிற்கும்? பொதுவாக இப்படிப்பட்ட அரசியல்வாதிகளின் பழைய உறுப்பினர் விவகாரத்தை எப்படிச் சரிபார்ப்பது? ஜெர்மன் ஓரளவு படிக்க வரும்.

அரக்குமுத்திரை:

மூன்று கேள்விகளை ஒரே மூட்டையாகக் கட்டுவதால் வரும் குழப்பம் இது. எந்த அமைப்பில் பெயர் இருந்தது, போரில் என்ன வேலை பார்த்தார், பின்னால் அதைப் பற்றி என்ன சொன்னார். மூன்றுக்கும் ஆவணம் வேறு, ஆவணம் கிடக்கும் இடமும் வேறு.

முதலில் அமைப்பு. 1986 மார்ச் தொடக்கத்தில் வியன்னாவின் ‘ப்ரொஃபில்’ இதழ் வெளிக்கொண்டுவந்தது அவருடைய ராணுவப் பதிவு அட்டை விவரத்தை. நாஜி மாணவர் சங்கத்தில் 1938 ஏப்ரல் 1 முதல், எஸ்.ஏ. எனும் நாஜிக் கட்சியின் சீருடைப் படையின் குதிரைப் பிரிவில் அதே ஆண்டு நவம்பர் 18 முதல் என்று அதில் இருந்தது. அதைக் கொண்டு ‘கட்சி உறுப்பினர்’ என்று எழுத முடியாது. குதிரையேற்றக் குழு ஒன்றில் சேர்ந்திருந்தேன், அந்தக் குழுவையே மொத்தமாக எஸ்.ஏ.வில் இணைத்துவிட்டார்கள் என்பது அவர் தரப்பு. அன்றைய ஆஸ்திரிய சான்சலர் (பிரதமர் போன்ற பதவி) ஃபிரெட் சினோவாட்ஸ், “ஆக, எஸ்.ஏ.வில் இருந்தது அவரில்லை, அவருடைய குதிரைதான்” என்கிற தோரணையில் கிண்டலடித்தது இதை வைத்துத்தான். ஒன்றைக் கவனியுங்கள்: போருக்குப் பின் நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பெர்க் மன்றத்தின் தீர்ப்பு, நாஜிகளின் இன்னொரு படையான எஸ்.எஸ்.ஸைக் குற்ற அமைப்பு என்று அறிவித்தது, எஸ்.ஏ.வை அப்படி அறிவிக்கவில்லை. ஆக, உறுப்பினர் விவகாரம் இருப்பதிலேயே லேசான குற்றச்சாட்டு.

கனமானது போர்க்காலம். 1941 கடைசியில் ரஷ்யப் போர்முனையில் காயம்பட்டு, வியன்னா திரும்பிச் சட்டம் படித்தார் என்றுதான் அவருடைய நினைவுக் குறிப்பைப் படிப்பவர் எடுத்துக்கொள்வார். நடந்தது வேறு. 1942இல் மேற்கு போஸ்னியாவில், கோசாரா மலைப்பகுதியில் எதிர்ப்புப் போராளிகளை வேட்டையாடிய சமயத்தில், படைத் தலைமையகப் பணியில் இருந்தார். அந்த வருடமே குரோவேஷிய பொம்மை அரசின் பதக்கமும் கிடைத்தது. பிறகு கிரேக்க நாட்டின் தெசலோனிகிக்குப் பக்கத்தில் அர்சக்லியில், ‘ஈ’ படைத்தொகுதித் தலைமையகத்தின் உளவுப் பிரிவில் லெப்டினன்ட். கீழிருந்து வரும் தகவல்களைத் திரட்டித் தினசரி நிலவர அறிக்கை எழுதுவது வேலை. தாள்களில் அவருடைய கையொப்பமும் சுருக்கொப்பமும் கிடக்கின்றன. 1943இல் அந்த நகரத்திலிருந்து 45,000க்கும் மேற்பட்ட யூதர்கள் மரண முகாமுக்கு ரயிலேற்றப்பட்டார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது என்றார் வால்ட்ஹைம். அவருக்கு மேலிருந்த தளபதி அலெக்சாண்டர் லோருக்கு 1947இல் பெல்கிரேடில் மரண தண்டனை நிறைவேறியது.

இப்போது உங்கள் முரண்பாட்டுக்கு வருவோம். குழுவும் அமெரிக்காவும் அளந்த முழக்கோல் ஒன்றல்ல. 1988 பிப்ரவரி 8இல் அறிக்கை கொடுத்த பன்னாட்டு வரலாற்றாசிரியர் குழு, தனிப்பட்ட முறையில் போர்க்குற்றம் செய்ததற்கு ஆதாரம் இல்லை என்றது. ஆனால் நடந்தது அவருக்குத் தெரிந்திருந்தது, தடுக்க எதுவும் செய்யவில்லை, பின்னால் மறைத்தார் என்றும் சேர்த்துச் சொன்னது. இந்த இரண்டாம் பாதியைத்தான் அவருடைய ஆதரவாளர்கள் கத்தரித்துவிட்டு மேற்கோள் காட்டுவார்கள். அமெரிக்கா அதற்கு முன்பே, 1987 ஏப்ரலில், குடியேற்றச் சட்டத்தின் கீழ் அவரைக் கண்காணிப்புப் பட்டியலில் போட்டுவிட்டது. 1978இல் வந்த அந்தச் சட்டத் திருத்தத்துக்கு நீதிமன்றத் தண்டனை வேண்டாம். நாஜிகளின் துன்புறுத்தலுக்குத் துணைபோனார் என்று முதல் நோக்கில் தெரிந்தாலே போதும்.

தேர்தலில் ஜெயித்துவிட்டார் என்பதையும் விடாதீர்கள். முதல் சுற்றில் 49.6 சதவீதம், ஜூன் 8 இரண்டாம் சுற்றில் 53.9. பதவியை விட்டுப் போனது சினோவாட்ஸ்தான்.

கோப்பறை:

மேலே சொன்னது சரி. சரிபார்க்கும் முறையை மட்டும் நான் சொல்கிறேன்.

நாஜிக் கட்சி முனிச்சில் இரண்டு அட்டைத் தொகுதிகள் வைத்திருந்தது. ஒன்று மையத் தொகுதி, மற்றது மாவட்ட வாரியானது. 1945 வசந்தத்தில் இவற்றைக் கூழாக்கச் சொல்லி ஒரு காகித ஆலைக்கு அனுப்பினார்கள், ஆலைக்காரர் கூழாக்கவில்லை. அமெரிக்கர்கள் கைப்பற்றிப் பெர்லின் ஆவண மையத்தில் வைத்தார்கள். 1994இல் அது ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக்காப்பகத்துக்குப் போனது, மைக்ரோஃபிலிம் பிரதி அமெரிக்க தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. கூட்டாட்சிக் காப்பகத்தில் தொகுதி எண் ஆர் 9361. அதில் 8ஆம் பகுதி மையத் தொகுதி, 9ஆம் பகுதி மாவட்டத் தொகுதி.

கேட்டு எழுதும்போது முழுப் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் மூன்றும் வேண்டும். பெயரை மட்டும் கொடுத்தால் அதே பெயரில் ஒரு கூட்டமே வரும். சம்பந்தப்பட்டவர் இறந்து 10 வருடம் ஆகியிருக்க வேண்டும். இறந்த தேதி தெரியாவிட்டால் பிறந்து 100 வருடம். பதவியில் இருந்தவர்களுக்கும் பொது வாழ்க்கையில் இருந்தவர்களுக்கும் இந்தக் கெடுவைத் தளர்த்த வழியுண்டு. வால்ட்ஹைம் 2007இல் இறந்தார், அவருக்கு அந்தத் தடையே இல்லை.

அட்டையில் பெயர், பிறந்த தேதி, தொழில், முகவரி, உறுப்பினர் எண், விண்ணப்பித்த தேதி, சேர்ந்த தேதி, கிளை, மாவட்டம் இருக்கும். இரண்டு தேதிகளையும் பாருங்கள். சேர்ந்த தேதி பெரும்பாலும் நிர்வாகம் போட்ட தேதி. 1933 மே 1இல் புதுச் சேர்க்கையை மூடி, 1937இல் திறந்தார்கள். அதனால் 1933 மே 1, 1937 மே 1 என்று கூட்டமாக வரும். இளைஞர் அணியிலிருந்து 1944இல் வந்தவர்களுக்கு ஹிட்லர் பிறந்தநாளான ஏப்ரல் 20. ஆஸ்திரியர் என்றால் எண்ணைக் கவனியுங்கள்: 61 லட்சத்தில் தொடங்கும் வரிசையில் வரும் எண்ணும் 1938 மே 1 என்ற தேதியும் சேர்ந்திருந்தால், கட்சி அங்கே தடைசெய்யப்பட்டிருந்த காலத்திலேயே வேலை செய்தவர் என்று கட்சி அவரை அங்கீகரித்ததாக அர்த்தம். தேதியை மட்டும் பார்த்து ‘ஜெர்மனியோடு இணைந்த பிறகு பயத்தில் சேர்ந்தவர்’ என்று எழுதிவிடுவது வழக்கமாக நடக்கும் தப்பு.

அட்டை இல்லையென்றால் உறுப்பினர் இல்லை என்றும் ஆகாது. இரண்டு தொகுதிகளிலும் அழிந்த பகுதிகள் உண்டு. எஸ்.ஏ. ஆவணங்கள் இன்னும் அரைகுறை. ராணுவப் பணி இந்த அட்டைகளில் வரவே வராது. அதற்குப் பெர்லினில் இருந்த பழைய வீரர் தகவல் அலுவலகம், 2019 முதல் அதுவும் கூட்டாட்சிக் காப்பகத்துக்குள்தான்.

நடுப்பக்கம்:

ஒரு சந்தேகம். அட்டையில் கையெழுத்து கிடையாதே? ஜெர்மனியின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் கென்ஷர், தனக்குத் தெரியாமலேயே மொத்தமாகச் சேர்த்துவிட்டார்கள் என்றார். வால்ட்ஹைமின் குதிரைக் கதையும் அதே ராகம். இரண்டும் பொய் என்று எப்படித் தீர்மானிப்பது?

கோப்பறை:

இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. குதிரையேற்றக் குழுக்களை எஸ்.ஏ., எஸ்.எஸ். அமைப்புகளில் கூட்டமாக இழுத்துக்கொண்டது உண்மையாக நடந்தது. எஸ்.எஸ். குதிரைப் பிரிவுக்கு நியூரம்பெர்க் விலக்குக் கொடுத்திருக்கிறது. கட்சியில் சேர்வது அப்படியல்ல. விதிப்படி ஒவ்வொருவரும் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டாக வேண்டும், அது கிளை, மாவட்டம் என்று ஏறி முனிச்சுக்குப் போகும், கையெழுத்தில்லாதது திரும்பி வரும். ஆய்வாளர்களில் பெரும்பாலோர் இதனால்தான் ‘தெரியாமல் சேர்த்துவிட்டார்கள்’ என்பதை ஏற்பதில்லை. கட்சி கலைந்துகொண்டிருந்த 1944இல் ஏதோ ஓர் ஊரில் விதி மீறப்படவே இல்லை என்று சத்தியம் செய்ய யாராலும் முடியாது, விண்ணப்பத் தாள்களிலும் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கின்றன. கென்ஷர் 1927இல் பிறந்தவர் என்பதையும் எழுதிவிடுங்கள். 17 வயதுப் பையனின் அட்டையும், 1933இல் 30 வயதை நெருங்கும்போது சேர்ந்து பின்னால் மேற்கு ஜெர்மன் சான்சலரான கீசிங்கரின் அட்டையும் ஒரே எடை இல்லை.

ஓலைக்கட்டு:

மிக்க நன்றி. இன்றைய அரசியல்வாதிகள் விஷயத்தில் இப்படி அட்டைத் தொகுதி ஒன்றும் இருக்காதே, அங்கே எப்படி?

தராசுமுள்:

ஆண்ட்ரியாஸ் கால்பிட்ஸ் வழக்கைப் பாருங்கள், நடைமுறை முழுக்க அதில் இருக்கிறது. ஜெர்மனியின் தீவிர வலதுசாரிக் கட்சியான ஏ.எஃப்.டி.யின் பிராண்டன்பர்க் மாநிலத் தலைவராக இருந்தவர். அந்தக் கட்சி, இன்னின்ன அமைப்புகளில் இருந்தவர்களைச் சேர்க்க மாட்டோம் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதிலுள்ள ஒன்று, குழந்தைகளுக்கு நாஜி பாணி முகாம் நடத்தியதற்காக 2009இல் தடைசெய்யப்பட்ட ஓர் இளைஞர் அமைப்பு. அதன் 2007ஆம் ஆண்டு உறுப்பினர் பட்டியலில் ‘ஆண்ட்ரியாஸ் கால்பிட்ஸ் குடும்பம்’ என்று பதிவிருப்பதாக உள்நாட்டு உளவுத்துறை சொன்னது. ஏதோ தொடர்புப் பட்டியலில் பெயர் இருந்திருக்கலாம், உறுப்பினர் இல்லை என்றார் அவர்.

நீக்குவதற்கும் செல்லாததாக்குவதற்கும் வித்தியாசம் இங்கேதான் வருகிறது. ஜெர்மன் கட்சிச் சட்டப்படி உறுப்பினரை வெளியேற்றக் கட்சியின் நடுவர் மன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டும், அது நீண்ட வழி. தலைமைக் குழு குறுக்கு வழியில் போனது. சேரும்போது பழைய தொடர்பை மறைத்தார், ஆகவே அவர் உறுப்பினரான நாள் முதலே செல்லாது என்று 2020 மே 15இல் 7க்கு 5 வாக்கில் முடிவெடுத்தது. ஜூனில் பெர்லின் நீதிமன்றம், இதைத் தலைமைக் குழு தனியாகச் செய்ய முடியாது என்று தற்காலிகமாக அவரைத் திருப்பிச் சேர்த்தது. ஜூலையில் நடுவர் மன்றமே முடிவை உறுதி செய்தது. சட்டமன்ற இடம் பறிபோகவில்லை, அது கட்சியின் சொத்து இல்லை.

அரக்குமுத்திரை:

ஓலைக்கட்டு, கட்டுரைக்கு ஓர் எச்சரிக்கை. 1988 தொடக்கத்தில் ‘டெர் ஷ்பீகல்’ ஒரு தந்தியை வெளியிட்டது, கைதிகளை அனுப்பச் சொன்னவர் வால்ட்ஹைம் என்று காட்டுவது. அது போலி. தட்டச்சு எழுத்துகளைச் சோதித்தபோது, போர் முடிந்த பிறகு தயாரான இயந்திரத்தில் அடித்தது என்று தெரிந்துபோனது. அந்த வார இடைவெளியில் எழுதப்பட்ட கட்டுரைகளில் அந்தத் தந்தி இன்னும் ஆதாரமாகக் கிடக்கிறது, அங்கிருந்து எடுத்துவிடாதீர்கள். யூகோஸ்லாவியா கொடுத்து, 1948இல் ஐ.நா. போர்க்குற்ற ஆணையம் பதிவு செய்த கோப்பு வேறு. அது அசல்தான். ஆனால் அது குற்றச்சாட்டுக் கோப்பு, தீர்ப்பு அல்ல. அப்படியே குறிப்பிடுங்கள்.