வயோலா வாசிப்பவனுக்கு ஒரு யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. நாங்கள் நால்வர் இசையமைப்பாளர் ஹைடனின் 'எம்பரர்' குவார்ட்டெட்டை (நான்கு தந்தி வாத்தியங்களுக்கான படைப்பு; ஓபஸ் 76, எண் 3) பயின்று வருகிறோம். இரண்டாம் பகுதியில் ஒரே மெட்டு முதல் வயலின், இரண்டாம் வயலின், செல்லோ என்று கைமாறி, பிறகு வயலினைவிடச் சற்றுப் பெரிய என் வயோலாவுக்கு வருகிறது. கையசைத்து வழிநடத்தும் இசை நடத்துநர் இல்லாததால், தொடங்குபவரின் மூச்சும் வில் எழும்பும் விதமும்தான் எங்களுக்குச் சைகை.

என் முறையில்தான் சிக்கல். தலையை அசைத்தால் மெட்டின் அமைதி குலைகிறது. அசைக்காவிட்டால் மற்றவர்கள் பிந்துகிறார்கள். வீடியோவில் பார்த்தால் பல்வலிக்காரனின் முகச்சுளிப்பு வேறு! அதை அடக்கினால் வில்பிடி இறுகிவிடுகிறது.

மூச்சால் மட்டும் சைகை கொடுத்துப் பழகியவர்கள் இருக்கிறீர்களா? அந்த நொடியில் யாரைப் பார்ப்பீர்கள், முதல் வயலின்காரரின் கண்ணையா, வில்லையா? அடுத்த மாதம் கச்சேரி.