பளிங்குச் சிலையின் முழங்கையில் ஈயத்தில் இறுகிய இரும்பு முளையை எடுப்பது எப்படி?

வேலூரில் பழைய பொதுக் கட்டடம் ஒன்றின் முகப்பு உச்சியில் இரண்டு வெள்ளைப் பளிங்குச் சிலைகள்: தராசோடு நீதி, கதிர்க்கட்டோடு விளைச்சல். உயரம் நாலரை அடி. விளைச்சல் சிலைக்குக் குறையில்லை. நீதியின் வலது முழங்கையில் மயிரிழை விரிசல். அதிலிருந்து மணிக்கட்டு வரை துருக்கறை. தட்டினால் அந்த இடம் மட்டும் பொத்தென்று கேட்கிறது. முன்கை தனித் துண்டு. உள்ளே இரும்பு முளை, காந்தம் இழுக்கிறது; அதை இறுக்க ஊற்றிய ஈயம் மூட்டில் பிதுங்கித் தெரிகிறது. போதாக்குறைக்கு, யாரோ வெள்ளை சிமென்ட் பூசி மூட்டை அடைத்துவிட்டார்கள், இறங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லை.

சோடியம் சிட்ரேட் கரைசலைக் காகிதக் கூழில் கலந்து பற்றுப் போட்டு, பாலித்தீன் சுற்றி ஒரு நாள் விட்டோம். கறை வெளுத்தது, அடுத்த மழையில் திரும்பிவிட்டது. ஆசிட் யோசனை வேண்டாம், பளிங்கையே அரிக்கும். விரிசலில் எபாக்சி பசையை ஊசியால் ஏற்றுவதும் சரிவராது: உள்ளே துரு ஊதிக்கொண்டே போனால் கல் பிளக்கும்.

இரும்பு முளையை எடுத்துவிட்டு, துருவை நன்கு தாங்கும் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு முளை போடுவதுதான் தீர்வு. ஈயத்தை உருக்கச் சூடு காட்டினால் பளிங்கின் மணிகள் தளர்ந்து உதிரும். முளையைச் சுற்றி வட்டமாகக் குடையும் கோர் டிரில் (குழல் வடிவத் துளைப்பான்) அதிர்வை விரிசல் தாங்குமா என்பது சந்தேகம்.

சிலையை இறக்காமல், சாரத்தில் நின்றே அந்த முளையை எடுத்தவர்கள் எந்தக் கருவியை, எந்தப் பக்கத்திலிருந்து செலுத்தினீர்கள்?