மாக் 2.83-இலிருந்து 1.6-க்கு: போர் விமானங்களின் வேகம் பின்னடைந்துவிட்டதா?

செழியன்:
1970-இல் சோவியத் படையில் சேர்ந்த மிக்-25 விமானத்துக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் மாக் 2.83, அதாவது ஒலியின் வேகத்தைப் போல் 2.83 மடங்கு. 2015-இல் பணிக்கு வந்த அமெரிக்காவின் எஃப்-35-க்கு அது மாக் 1.6 மட்டுமே. ரேடாருக்குப் புலப்படாமை, உணரிகள், மென்பொருள் என்று எத்தனை காரணம் அடுக்கினாலும், அரை நூற்றாண்டில் பாதியளவுக்கு வேகம் குறைந்ததை முன்னேற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிக்கனத்துக்குப் பூசிய பெயர்தான் இது என்பது என் கருத்து.

மலர்விழி:
சிக்கனம் ஒரு பகுதிதான். அடிப்படைக் காரணம் வெப்பம். வெளிக்காற்று மைனஸ் 56 டிகிரியில் இருக்கும் 11 கிலோமீட்டர் உயரத்தில்கூட, விமானத்தின் முன் வந்து தடைப்பட்டு நிற்கும் காற்று மாக் 1.6-இல் சுமார் 54 டிகிரி, மாக் 2-இல் 117, மாக் 2.5-இல் 214, மாக் 3-இல் 333 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுகிறது. (உரசலால்தான் இந்தச் சூடு என்று பலர் எழுதுகிறார்கள், முன்முனையில் காற்று திடீரென அழுத்தப்படுவதே முதன்மைக் காரணம்.) சாதாரண அலுமினியக் கலவைகள் 150 டிகிரியைத் தாண்டினால் வலுவிழக்கத் தொடங்கும். கான்கார்ட் பயணிகள் விமானம் மாக் 2-ஐ ஒட்டியே நின்றதும், அதன் மூக்குமுனைக்கு 127 டிகிரி என்று வரம்பு வைத்திருந்ததும் இதனால்தான். மிக்-25-ஐப் பெரும்பாலும் நிக்கல் எஃகில் பற்றவைத்துக் கட்டினார்கள், எடை கூடியது. மாக் 2.83 என்ற வரம்பும் எந்திரங்களைக் காப்பாற்ற விதித்ததே, அதற்கு மேல் ஓட்டினால் அவை கெட்டுவிடும்.

செழியன்:
அப்படியானால் டைட்டானியத்தில் கட்டிய அமெரிக்க உளவு விமானம் எஸ்ஆர்-71-ஐ என்ன சொல்வீர்கள்? 1964-இலேயே பறந்தது, 1976 ஜூலையில் மணிக்கு 3,529 கிலோமீட்டர் என்று சாதனையும் படைத்தது. அதே குடும்பத்தின் ஒய்எஃப்-12 ஏவுகணை ஏந்தி, வரும் எதிரி விமானத்தை வழிமறித்துத் தாக்கும் இடைமறிப்பு விமானமாகவே சோதிக்கப்பட்டது. தீர்வு கையில் இருந்தபின் அதை இயற்கையின் எல்லை என்பது சரியாகாது.

இளங்கோ:
அந்தத் தீர்வுக்குக் கொடுத்த விலையையும் பார்க்க வேண்டும். எஸ்ஆர்-71 தரையில் நிற்கும்போது எரிபொருள் கசியும், ஏனெனில் சூட்டில் விரியும் உலோகத்துக்கு இடம்விட்டே அது கட்டப்பட்டது. எந்திரத்தில் காற்றை அழுத்தும் பகுதியான கம்ப்ரஸரின் வாயிலில் நுழையும் காற்று 427 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பதால், அதன் விமானிகள் மாக் எண்ணைவிட இந்த வெப்பமானியையே அஞ்சினார்கள் என்றால் மிகையாகாது. ஒய்எஃப்-12 மூன்று விமானங்களோடு நின்றது.

திரும்புவதைப் பற்றி யாரும் பேசவில்லை. 45 டிகிரி சாய்ந்து மட்டமாகத் திரும்பும் விமானம், மாக் 1-இல் ஏறக்குறைய 9 கிலோமீட்டர் ஆரத்தில் வளையும். மாக் 3-இல் அதே சாய்வுக்கு 80 கிலோமீட்டர் வேண்டும். அந்த அளவுக்கு வளைவதற்குள் எதிரி வீடு போய்ச் சேர்ந்துவிடுவான்! அமெரிக்கப் போர் விமானமான எஃப்-15-இன் மாக் 2.5-உம் ஏறக்குறைய வெறும் விமானத்துக்கான எண்தான். ஏவுகணைகளையும் வெளி எரிபொருள் கலங்களையும் மாட்டி, எந்திரத்திலிருந்து வெளியேறும் வாயுவில் மேலும் எரிபொருளை எரித்து உந்துதலைக் கூட்டும் ஆஃப்டர்பர்னர் எரிபொருளைக் குடிக்கும் நிலையில், அந்த எண்ணைத் தொடுவதற்கு முன்பே திரும்பிவர எரிபொருள் போதுமா என்று பார்க்க வேண்டிவரும்.

செழியன்:
திரும்பும் வாதத்தை நாய்ச்சண்டைக்கு, அதாவது விமானங்கள் நெருங்கி வளைந்து மோதும் சண்டைக்கு, ஏற்கிறேன், இடைமறிப்புக்கு ஏற்கமாட்டேன். உயரத்தில் மாக் 2.5-இல் பறந்தபடி ஏவப்படும் ஏவுகணை, மெதுவாகப் போகும் விமானத்திலிருந்து ஏவப்படுவதைவிட வெகுதூரம் செல்லும். ரஷ்யா, மிக்-25-இன் வழிவந்த இடைமறிப்பு விமானமான மிக்-31-ஐ இன்றும் பறக்கவிடுவது வீம்புக்காக அல்லவே.

மலர்விழி:
வீம்புக்காக இல்லைதான். ஆர்க்டிக் எல்லை முழுவதையும் சில விமானதளங்களிலிருந்து காக்க வேண்டிய நாட்டுக்கு, 46 டன் வரை எடையேறும் அந்த விமானம் பொருந்துகிறது. மற்ற நாடுகளின் தேவை வேறு. வேகம் தனியே காப்பாற்றாது என்பதையும் மறக்க வேண்டாம்: 1991 ஜனவரியில் இராக்கின் மிக்-25 விமானங்களை எஃப்-15-கள் வீழ்த்தின, 1992 டிசம்பரில் மற்றொன்றை ஓர் எஃப்-16 வீழ்த்தியது.

காற்று நுழைவாயையும் கணக்கில் கொள்ளுங்கள். மாக் 2-க்கு மேல் எந்திரத்துக்குள் காற்று சீராகச் செல்ல, அசையும் சரிவுத் தகடுகள் கொண்ட நுழைவாய் தேவை. பி-1 குண்டுவீச்சு விமானத்தின் முதல் வடிவம் அதை வைத்துக்கொண்டு மாக் 2.2-ஐ எட்டியது. பின்னர் வந்த பி-1பி, எடையையும் ரேடார் எதிரொலிப்பையும் குறைப்பதற்காக நிலையான நுழைவாயை ஏற்று மாக் 1.25-இல் நின்றது. எஃப்-35-இலும் அசையும் தகடு கிடையாது. அதன் பி, சி வகைகளில், நீண்ட நேர ஆஃப்டர்பர்னர் ஓட்டம் வால்பகுதிப் பூச்சைச் சேதப்படுத்தக்கூடும் என்பது சோதனையில் தெரிந்ததால், அந்த ஓட்டத்துக்கே நேர வரம்பு விதித்திருக்கிறார்கள்.

செழியன்:
பி-1பி உதாரணத்துக்கு என்னிடம் பதில் இல்லை; அங்கே வேகத்தைத் தெரிந்தே விற்று வேறொன்றை வாங்கியிருக்கிறார்கள். ஆனால் மாக் 1.6-க்கே பூச்சு உரியும் விமானத்தைப் புதிய தலைமுறை என்று அழைப்பதில் எனக்குள்ள ஆட்சேபம் அப்படியே இருக்கிறது.