அந்தக் கால்விலங்கு அமெரிக்காவுடையதா, இல்லையா?

கடலோடி: ஃப்ளோரிடாவின் கீ வெஸ்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் கால்விலங்குகள் அமெரிக்க அடிமை முறையின் சாட்சி என்று நேற்று ஒருவர் அடித்துவிட்டிருந்தார். அவை கிடைத்த ஹென்ரியெட்டா மேரி லண்டன் அடிமைக் கப்பல் ஐயா! 1700-இல் ஜமைக்காவில் ஆட்களை விற்றுவிட்டு, சர்க்கரை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பும்போது ஃப்ளோரிடா பக்கம் மூழ்கியது. ஃப்ளோரிடாவே அப்போது ஸ்பெயின்காரன் கையில். இதில் அமெரிக்கா எங்கே வந்தது?

செல்வி: அந்த ஒருவர் நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். 80 ஜோடிக்கு மேல் கிடைத்திருக்கின்றன. ஒரே இரும்புக் கம்பியில் இரண்டு வளையம் கோத்து இரண்டு பேர் காலைச் சேர்த்துப் பூட்டுவது, அதில் சின்னக் காலுக்கு மட்டுமே பொருந்தும் அளவிலும் சில உண்டு. அதைப் பார்த்தும் உங்களுக்கு வரைபடம்தான் ஞாபகம் வருகிறதா? லண்டன் கப்பல்கள் வர்ஜீனியாவுக்கும்தான் ஆட்களைக் கொண்டு போயின.

கடலோடி: இந்தக் கப்பல் போனது ஜமைக்காவுக்கு. ஜமைக்கா.

துரு: எந்தப் பழைய இரும்பைக் காட்டினாலும் அடிமை விலங்கு என்கிறார்கள். அடிமை முறை ஒழிந்த 1865-க்குப் பிறகு அமெரிக்காவில் கைதிகளைக் குத்தகைக்கு விட்டு வேலை வாங்கினார்களே, அவர்கள் காலிலும் சங்கிலிதான். போலிகள் வேறு. நானே ஒன்று வாங்கி ஏமாந்தேன், வீட்டில் தேய்த்துப் பார்த்தால் வளையத்தில் வெல்டிங் தழும்பு!

செல்வி: நீங்கள் ஏமாந்ததற்குக் கடலடி இரும்பு என்ன செய்யும்? 1972-இல் வேறொரு புதையல் கப்பலைத் தேடியவர்கள் கண்ணில் தற்செயலாகப் பட்டது. அதுவரை அங்கே போய் யார் வெல்டிங் வைத்தார்கள், மீன்களா?

கடலோடி: ஜமைக்காவுக்குப் பதில் வரவே இல்லை, எல்லோரும் கவனிக்கவும்.

மணி: அமெரிக்க மண்ணிலேயே வேண்டுமென்றால் 1863-இல் எடுத்த வில்சன் சின் புகைப்படம் இருக்கிறது. லூசியானாவில் அடிமையாக இருந்தவர். கழுத்தில் முள் நீட்டிய இரும்பு வளையம், நெற்றியில் முதலாளியின் பெயரெழுத்துச் சூடு.

துரு: அது ஸ்டூடியோவில் மாட்டிவிட்டு எடுத்த படம், விடுதலையான அடிமைகளின் பள்ளிகளுக்கு நிதி திரட்ட விற்றது.

மணி: நெற்றிச் சூடும் ஸ்டூடியோவில் போட்டதா?

கடலோடி: படத்தை விடுங்கள், கப்பலுக்கு வாருங்கள். செல்வி அம்மா இப்படித்தான், போன மாதம் சோழர் நாவாய் விஷயத்திலும் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நழுவினார்.

செல்வி: அதில் தோற்றது நீங்கள். இன்னும் ஆறவில்லை போல. சரி, ஹென்ரியட்டா மேரி விலங்கை மாட்டிக்கொண்டவனிடம் போய் நீ அமெரிக்கனா ஜமைக்காவா என்று கேளுங்கள்.

கடலோடி: முதலில் "ஹென்ரியெட்டா" என்று ஒழுங்காக எழுதுங்கள். அப்புறம் ஜமைக்காவுக்கு வருவோம்.